நல்ல சுகம் என்று சொல்லக்கூடாத நாள்

கற்பிட்டிக் கரையில் கடலட்டைக்கு முங்கியவர்களில் நான் கெட்டிக்காரன். இதை என் வாயாலேயே சொல்லக்கூடாதுதான். ஆனால் வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தால் பொழுதுதான் போகும். வடக்கில் சண்டை முடிந்து கடல் திறந்த காலத்தில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பதினெட்டுப் பாகம், இருபது பாகம் என்று இறங்குவேன். இரண்டு தென்னையை ஒன்றின்மேல் ஒன்றாக நட்டால் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம். அடியில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அட்டையைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டு வருவேன். மற்றவர்கள் மண்ணைத்தான் பார்ப்பார்கள். என் கண்ணுக்கு அட்டை தெரியும். என்னைத் தங்கள் போட்டில் ஏற்றிக்கொள்ளச் சம்மாட்டிமார் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேலே வந்து போட்டின் விளிம்பைப் பிடித்ததும் சம்மாட்டி, "எப்பிடி?" என்று கேட்பார். "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்" என்று அல்லாஹ்வைப் புகழ்ந்து சொல்ல வேண்டும். தலை பிளந்தாலும் மூக்கால் இரத்தம் வந்தாலும் அதுதான் பதில். ஒருநாள் முடியவில்லை என்று சொன்னவனை மறுநாள் ஏற்றமாட்டார்கள். வீட்டிலும் அதே பாடம்தான். யாராவது சுகம் விசாரித்தால் முறைப்பாடு சொல்வது நன்றி கெட்ட வேலை என்று உம்மா எங்களை வளர்த்திருந்தார். தொழிலும் மார்க்கமும் சேர்ந்து எனக்குச் சொல்லித்தந்த வார்த்தை அது.

ஒருநாள் ஆறாவது சிலிண்டரையும் முடித்துவிட்டு அவசரமாக மேலே வந்தேன். ஆழத்திலிருந்து அப்படி ஏறினால் இரத்தத்தில் காற்று கட்டும். நல்ல சுகம் என்று சொல்லிவிட்டு, போட்டில் உட்கார்ந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது கால் இரண்டும் மரத்துப்போயின. கூட இருந்தவர்கள் எங்கள் ஆட்களின் கைவைத்தியப்படி என்னை மறுபடியும் சிலிண்டரோடு தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். அதில் தேறியவர்களும் உண்டு. நான் தேறவில்லை. கொழும்பு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்துவிட்டு இரண்டு ஊன்றுகோலோடு வீடு வந்தேன். இடுப்பை ஆட்டி, காலை முன்னால் எறிந்து எறிந்து நடக்கும் நடை. மூன்று நிமிஷத்தில் போய்வந்த பள்ளிவாசலுக்கு இப்போது இருபது நிமிஷம் பிடிக்கும். ஆனாலும் போவேன், யார் துணையும் இல்லாமல்.

என் மனைவி பள்ளிவாசல்துறை ஊர்க்காரி, மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். நான் விழுந்த பிறகு கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். மீனைக் கீறி, கழுவி, உப்புப் போட்டு வெயிலில் பரப்புகிற வேலை. நாள் முழுவதும் கை உப்புத் தண்ணீருக்குள்தான். இயலாதவர்களுக்கான அரசாங்கத்தின் மாதாந்தக் கொடுப்பனவு கிடைத்தால் வாடியை விட்டுவிட்டு வீட்டிலேயே இடியப்பம் அவித்து விற்கலாம் என்பது அவளுடைய நினைப்பு. சாப்பிடும்போது கறியின் உறைப்பு விரல் வெடிப்பில் பட்டு அவள் கையை உதறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்காக என்றால் போட்டிருக்கமாட்டேன்.

முதல் தடவை சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானை சொல்லிவிட்டார். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும்? மனைவி சுவரின் கீழ்ப்பாதிக்குச் சுண்ணாம்பு அடித்தாள். இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்தாள். நான் வெள்ளைச் சாரன் உடுத்து, தொப்பி போட்டு, நல்ல கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊன்றுகோல் இரண்டும் வீட்டு அழகைக் கெடுக்கின்றன என்று அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டோம். யோசித்துப் பாருங்கள், எனக்கு நடக்க முடியாது என்று பார்க்க வருகிற ஆளிடமிருந்து ஊன்றுகோலை ஒளித்து வைத்த மடையர்கள் நாங்கள்.

வந்தது சிலாபத்துப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. மிகவும் மரியாதையானவள். "ஐயா, எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்."

"நடக்கிறதுக்குக் கஷ்டமா?"

"பள்ளிக்கு அஞ்சு நேரமும் போறன், மகள்."

"வீட்டு வேலை ஏதாவது செய்வீங்களா?"

"வலை பொத்துவன். கயிறு பின்னுவன். கிணத்துல தண்ணியும் அள்ளுவன்."

அவள் எழுதினாள், வட்டிலப்பம் சாப்பிட்டாள், போனாள். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் அன்றாடக் கருமங்களைத் தாமே செய்யக்கூடியவர் என்றபடியால் கொடுப்பனவு இல்லை. அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் கிடையாது. நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த வரியை வாசித்தபோது எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மனைவி அந்தக் கடிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இதக் கண்ணாடி போட்டு மாட்டுவமா?" என்று கேட்டாள்.

மேன்முறையீடு செய்தோம். செய்தோம் என்பதைவிட அவள் செய்தாள் என்பதே சரி. வைத்தியச் சபை முன்னால் நேரில் வரும்படி நாள் குறித்துக் கடிதம் வந்தது. எட்டு நாள் இருந்தது.

அந்த எட்டு நாளும் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இருபது பாகத்தில் சுறா ஒன்று என் தோளை உரசிக்கொண்டு போனபோதுகூட நான் பயந்தது கிடையாது. இந்தக் கடிதத்தைக் கண்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்பது மறந்துபோய்த் திரும்பத் தொழுதேன். என்ன பயம் என்று கேட்டால் ஒன்று இரண்டு என்று சொல்லத் தெரியாது. நடிக்கிறான் என்று டொக்டர் நினைத்துவிடுவாரோ என்று பயம். மறுபடியும் நல்ல சுகம் என்று வாய்தவறிச் சொல்லிவிடுவேனோ என்று அதைவிடப் பயம். எல்லாவற்றுக்கும் அடியில், எனக்கு முடியாது என்பதை ஒரு மேசைக்கு முன்னால் நின்று நானே சொல்ல வேண்டுமே என்ற பயம்.

மனைவி என்னைப் பழக்கத் தொடங்கினாள். வாடியால் வந்து குளித்து முடித்ததும் முன் கதிரையில் டொக்டர் மாதிரி உட்காருவாள். என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வாள். நான் வாசலில் இருந்து ஊன்றுகோலோடு உள்ளே வர வேண்டும்.

"எப்பிடி இரிக்கிறீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல..."

"வெளிய போங்க. திரும்பி வாங்க."

ஒரு நாளில் ஏழு தடவை வெளியே போயிருக்கிறேன். எட்டாவது தடவை எனக்குக் கோபம் வந்து, "அல்லாஹ்வப் புகழாதே எண்டா சொல்ற நீ?" என்று கத்தினேன்.

"அல்ஹம்துலில்லாஹ்வ ஆயிரம் தரம் சொல்லுங்க. அதுக்குப் பின்னுக்கு வாற பொய்யத்தான் வேணாம் எண்டுறன்."

"பொய்யா?"

"நல்ல சுகம் எண்டுறது பொய்தானே? நான் இல்லாததச் சொல்லச் சொல்லல்ல. இரிக்கிறத ஒளிக்காதீங்க எண்டுதான் சொல்றன்."

அவளுக்கு எப்போதும் இப்படித்தான், சண்டையில் கடைசிச் சொல் அவளுடையது. அவளைக் கட்டிய நாளிலிருந்து நான் ஒரு தர்க்கத்திலும் வென்றது கிடையாது. வெளியில் சொல்லமாட்டேனே தவிர அதிலும் எனக்கு ஒரு பெருமைதான்.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எனக்கு முடியாதவற்றை எழுதத் தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும் நான் வழக்காடினேன். "கிணத்தில தண்ணி அள்ள ஏலாது" என்று எழுதினாள். அள்ளுவேன் என்றேன். எத்தனை வாளி என்றாள். ஒன்று என்றேன். "அதுவும் அரைவாசி. மத்த அரைவாசி சாரனுக்கு." எழுதியது எழுதியபடி இருந்தது. "நெலத்துல இரிந்தா எழும்ப ஏலாது." கட்டிலைப் பிடித்து எழும்புவேன் என்றேன். "பஸ்ஸில ஏற ஏலாது." கொண்டக்டர் தூக்கிவிட்டால் ஏறுவேன் என்றேன். "அப்ப கொண்டக்டரையும் கூட்டிட்டுப் போவமா டொக்டரிட்ட?" என்றாள். தாளின் அடிவரைக்கும் வந்தது பட்டியல். வாசித்தபோது அது வேறு யாரையோ பற்றியது என்று தோன்றியது. அந்த ஆளைக் கண்டால் நான்கூடப் பாவம் பார்ப்பேன்.

உடுப்பில்தான் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய சாரனோடு தாடியை ஒதுக்காமல் போங்கள், பார்த்தால் இரக்கம் வரும் என்று வாடியில் யாரோ அவளுக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். நான் ஒரே பிடியாக நின்றேன். வெள்ளைச் சாரன், கஞ்சி போட்ட சேட், அத்தர். காலைப் பார்க்கத்தானே கூப்பிடுகிறார்கள், கால் போதும் அவர்களுக்கு. அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

போகிற நாளில் விடியற்காலைப் புத்தளம் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் இருந்து கலண்டர் தாளை முணுமுணுவென்று வாசித்துக்கொண்டே வந்தாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் தாய் மாதிரி. பாலாவிச் சந்தி கடந்ததும் எனக்கு வியர்க்கத் தொடங்கியது. இறங்கித் திரும்பிப் போய்விடுவோமா என்று கேட்டேன். அவள் தாளை மறுபடியும் மேலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். ஒரு கை இல்லாதவர், கண் தெரியாதவர், தாய் தூக்கிக்கொண்டு வந்திருந்த வளர்ந்த பிள்ளை. எல்லோரும் நல்ல உடுப்பில்தான் வந்திருந்தார்கள். அதைக் கண்டதும் எனக்கு ஏனோ நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

உள்ளே மேசையில் மூன்று பேர். கதைத்தது நடுவில் இருந்த சிங்கள டொக்டர் அம்மா. சண்டை முடிந்த பிறகு சில வருஷம் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவராம். வாயைத் திறந்தால் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். நான் எட்டு நாள் பழகியதெல்லாம் புத்தளத்துத் தமிழில் கேட்கப்பட்ட கேள்விக்கு.

"வாங்கோ ஐயா. எப்பிடி இருக்கிறியள்?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அதற்குப் பின்னால் வருகிற இரண்டு சொல்லும் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டன. பின்னால் மனைவி இருமினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். டொக்டர் அம்மா பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். நல்ல மனுசி, அவசரப்படுத்தவில்லை.

"உசிரோட இரிக்கிறன். கால் ரெண்டும் சரியில்ல. நெலத்துல இரிந்தா எழும்ப ஏலாது. தண்ணி அள்ள ஏலாது. மழைக்குப் பள்ளிக்குப் போக ஏலாது, ரெண்டு தரம் விழுந்திரிக்கிறன்."

மழையில் விழுந்தது பட்டியலில் இல்லாதது. மனைவிக்கே தெரியாதது. தொடங்கிய பிறகு வந்துகொண்டே இருந்தது. என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டபோது இருபது பாகம் என்று நான் சொன்னேன். அவர் அதை மீற்றராக்கித் தன் பக்கத்தில் இருந்தவருக்குச் சிங்களத்தில் சொல்ல, அந்த மனிதர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதும் அந்தப் பார்வைக்கு என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

பிறகு கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். சாரனை உயர்த்தி, கண்ணை மூடச் சொல்லிவிட்டு டொக்டர் அம்மா ஊசியை எடுத்தார். "குத்துறது தெரியுதோ எண்டு சொல்லுங்கோ."

இதை நாங்கள் பழகியிருக்கவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கொழும்பிலிருந்து வந்த முதல் கிழமையிலிருந்து, ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுத பிறகு, மனைவி என் கால்களுக்கு எண்ணெய் தேய்ப்பாள். தேங்காய் எண்ணெயில் உள்ளியும் கருஞ்சீரகமும் போட்டு அவளே காய்ச்சுவது. பாதத்திலிருந்து தொடை வரைக்கும் அரை மணித்தியாலம் தேய்ப்பாள். தெரியுதா என்று கேட்பாள். "ஓம், சூடு இறங்குது" என்பேன். தன் எண்ணெயில்தான் என் காலுக்கு உயிர் வருகிறது என்று வாடி முழுவதும் சொல்லி வைத்திருந்தாள். அவளிடம் எண்ணெய் காய்ச்சும் முறை கேட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஒரு நாளும் ஒன்றும் தெரிந்ததில்லை. சூடும் இல்லை, கையும் இல்லை. முதல் நாள் அவளுடைய முகத்தைப் பார்த்துத் தெரியுது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல ஒரு நாள் வாய்க்கவில்லை.

"தெரியுதோ?"

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவள் கட்டிலின் தலைப்பக்கத்தில் நிற்கிறாள் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. தெரியுது என்று ஒரு சொல் சொன்னால் அவள் எண்ணெய் தேய்த்த ஐந்து வருஷமும் பிழைக்கும். ஆனால் கொடுப்பனவு போகும், அவள் மறுபடியும் வாடிக்குப் போவாள்.

"தெரியல்ல."

"இஞ்சை?"

"தெரியல்ல."

"இதிலை?"

"தெரியல்ல."

எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. பாதம், கணுக்கால், முழங்கால் என்று எங்கே குத்துகிறார் என்பதும் தெரியாது. மேல் தொடையில் சுருக்கென்றபோது, "இப்ப தெரியுது" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்த இடத்தில் நீலப் பேனையால் இரண்டு தொடையிலும் ஒவ்வொரு கோடு கீறியிருந்தார். அதற்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லை. மனைவி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடுப்பனவு கிடைத்தது. கடிதம் பிறகுதான் வந்தது, ஆனால் கிடைக்கும் என்று அந்த அறையிலேயே விளங்கிவிட்டது. அவள் வாடியை விட்டாள். எங்கள் தெருவில் இன்று அவளுடைய இடியப்பத்துக்குச் சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது.

அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் பாதி வழி அவள் வாய் திறக்கவில்லை. எங்கள் இருபது வருஷத்தில் அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் அவள்தான் திரும்பினாள்.

"எத்தின போத்தல் எண்ணெய்!"

நான் ஊன்றுகோல்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அவ்வளவையும் கறிக்கு ஊத்திரிக்கலாம்!" முன் ஆசனத்து ஆள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள். "என்னட்டச் சொல்லாதத அந்த மனுசிக்கிட்டச் சொல்றீங்க!"

"ஒளிக்காதீங்க எண்டு நீதானே சொன்ன."

ஒரு நிமிஷம் என்னை முறைத்தாள். இந்தத் தடவை கடைசிச் சொல் என்னுடையதாக இருந்தது. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், என்னிடம் மூடிக்கொள்ள ஒன்றும் இல்லாமல். அவமானம் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஊசிக்குக் கீழே கிடந்து அத்தனை தெரியல்லவையும் சொன்னவன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். இருபது பாகத்தை எவனும் முங்குவான், கொஞ்சம் மூச்சு இருந்தால்.

வீடு வந்து அஸர் தொழுதோம். நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வழக்கம்போல் எண்ணெய்ப் போத்தலோடு வந்து கீழே குந்தப் போனவள், நின்றுவிட்டாள். என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஐந்து வருஷமாக அந்த நேரத்தில் அவளுக்கு வேறு வேலை இருந்ததில்லை. பிறகு கதிரைக்குப் பின்னால் போய் என் சேட்டின் கொலரை விலக்கி, இரண்டு தோளிலும் எண்ணெயை ஊற்றி அழுத்தினாள். இத்தனை வருஷமாக என் முழுப் பாரத்தையும் ஊன்றுகோலில் தாங்குகிற தோள்கள் அவை. இரும்பாக இறுகிப்போயிருந்தன. அதையும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"இது தெரியுதா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இன்னும் இருந்தது.

"நோகுது" என்றேன்.

அவளுடைய கை நின்றது.

"நிப்பாட்டாத. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்றேன்.